முள் தூங்கிய குழி

மொட்டைக்கரட்டுக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அதனால்தான் இன்று அந்த ஊரில் ஒரு வீட்டிலும் ஆளில்லை.

ஊருக்கு வடக்கே, ஒரு காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பொட்டல். சுற்றிலும் அறுபத்திரண்டு கல்தூண், முள்கம்பி வேலி. அங்கே கதிர்வீச்சை அளக்க, எண்ணத் தெரிந்த ஆள் என்று பெத்தண்ணனைப் பிடித்தார் அதிகாரி. ஒரு கருவியும் சட்டைப் பித்தான் அளவு வில்லையும் கொடுத்தார். வில்லையில் துளி கதிர்வீச்சு உண்டு. காலையில் அதைக் கருவியருகே காட்டி, முள் எழும்பினால் கருவிக்கு உயிரிருக்கிறது என்று அறிய வேண்டும். பிறகு தூண் தூணாக அளக்க வேண்டும். முள் ஐம்பதைத் தாண்டினால் வேலியை நூறடி வெளியே தள்ளி நட வேண்டும். வேலிக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, மூன்று மாதத்தில் வருவதாகப் போய்விட்டார்.

மச்சினன் வெயிலுமுத்துவுக்கு ஒரு கவலை. "காலையில உயிரோட இருந்தது மத்தியானம் செத்துப்போச்சுன்னா, மச்சான்?"

பெத்தண்ணன் அரை நாள் யோசித்து, வில்லையைக் கருவியோடு நூலால் சேர்த்துக் கட்டினார். அதன்பின் கருவி சாகவே இல்லை.

முதல் தூணில் முள் எண்பது காட்டியது. அறுபத்திரண்டிலும் எண்பது. எல்லாவற்றையும் தள்ளி நட்டார்கள். மறுநாளும் எண்பது. கம்பி போதாத இடங்களில் சேலையைக் கட்டினார்கள்.

பதினெட்டாம் நாள் வேலி பெத்தண்ணனின் முருங்கைத் தோப்பை எட்டியது. பதினேழு மரம், குடும்பம் சாப்பிட்டதே அதில்தான். மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் எண்பது.

"நாப்பதுன்னு எழுதிடுங்களேன். யாரு பாக்கப்போறா?" என்றாள் மனைவி சீனித்தாய்.

"முள்ளு பாக்குதே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூணை அவரே பிடுங்கினார்.

அடுத்த வாரம் ஊரே வேலிக்குள் போனது. எங்கே குடிபோவது? நாலு திசையும் நடந்து அளந்தார்கள். போன இடமெல்லாம் எண்பது. மிச்சமிருந்தது குண்டு வெடித்த குழிதான். அதில் இறங்கும்போது பெத்தண்ணன் இடறி விழ, கருவி பாறையில் மோதியது. நூல் அறுந்து வில்லை எங்கோ தெறித்தது. முள் பூஜ்யத்தில் படுத்தது, தட்டியும் எழவில்லை.

"இத்தனை நாளா பதறுச்சு. இங்க வந்துதான் நிம்மதியாத் தூங்குது," என்றான் வெயிலுமுத்து.

சட்டிபானையோடு ஊர் குழிக்கு வந்தது. பெத்தண்ணன் பதினேழு முருங்கைக் கிளை வெட்டிவந்து நட்டார். வேலிக்குள் குடியிருக்கக் கூடாதே என்று சீனித்தாய் நினைவுபடுத்தினாள். உடனே தூண்களைக் கொண்டுவந்து குழியைச் சுற்றி நட்டு, உள்பக்கத்தில் 'வெளியே' என்று பலகை மாட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து வந்த அதிகாரி வேலியோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பெத்தண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், உள்ள நிக்காதீங்க. சீக்கிரம் வெளிய வந்துருங்க," என்றார்.

அவர்களை இழுத்துவர அதிகாரி வேலியைத் தாண்டிக் குழிக்குள் ஓடிவந்தார். பெத்தண்ணன் நோட்டை எடுத்து எழுதினார்: 'காப்பாற்றிய உயிர், ஒன்று.'