தக்காளி புராஜெக்டில் தொள்ளாயிரம் வெர்ஷன்

ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டிக்குப் பின்னால் ஓர் ஆபீஸ். அழுகல் தக்காளியைப் பிரித்துத் தள்ளும் மெஷினுக்கு அங்கேதான் பாடம் நடந்தது. பாடம் எடுத்தவர்கள் பரஞ்சோதியும் வேதமுத்துவும். மெஷினின் தலையெழுத்து அப்படி.

கம்ப்யூட்டரில் ‘தக்காளி’ என்று ஒரு புராஜெக்ட். அதற்குள் ‘நல்லது’, ‘அழுகல்’ என்று பெயர் ஒட்டிய நானூறு படங்கள். அந்தத் தொகுப்புதான் வெர்ஷன் ஒன்று. அதில் ஓர் அழுகலுக்கு ‘நல்லது’ என்று ஒட்டியிருந்தது.

முதலாளி திருமாறன் திங்களன்று கேமரா வாங்க மதுரைக்குக் கிளம்பினார். “அந்த ஒரு படத்தைத் திருத்துங்க. பழைய வெர்ஷனைத் தொடாதீங்க. எது மாறினாலும் புது வெர்ஷன் எடுத்து, என்ன மாறுச்சுன்னு குறிப்பு எழுதுங்க. கடைசி வெர்ஷனை வச்சு மெஷினுக்குச் சொல்லிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மெஷினைப் பார்க்க மண்டிக்காரர் வர்றார். மெஷின் சொதப்புனா ஆபீசுக்குப் பூட்டுதான்.”

ஆபீசைப் பூட்டினால் பரஞ்சோதிக்கு மாமனாரின் மாவு மில்தான் கதி. மாமனார் ஏற்கெனவே அவனுக்கென்று ஒரு முண்டாசு வாங்கி வைத்திருந்தார்.

படத்தைத் திருத்தி வெர்ஷன் இரண்டு எடுத்தான். அப்பாடா என்று சாயும்போது வேதமுத்து தொண்டையைச் செருமினான்.

“அண்ணே, காலையில புராஜெக்ட்ல ஒரு வெர்ஷன் இருந்துச்சு. இப்ப ரெண்டு. இது மாற்றந்தானே?”

பரஞ்சோதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “மாற்றந்தான்டா. நல்லவேளை, சொன்னே.”

வெர்ஷன் மூன்று எடுத்தார்கள். குறிப்பு: ‘வெர்ஷன் இரண்டு வந்துவிட்டது.’ உடனே நான்கு எடுக்க வேண்டியதாயிற்று. குறிப்பு: ‘மூன்றும் வந்துவிட்டது.’

சாப்பிடக்கூட முறை வைத்துத்தான் போனார்கள். புதன்கிழமை ஐந்நூற்றுப் பன்னிரண்டில் கம்ப்யூட்டர், இனி இடமில்லை என்று கையை விரித்தது.

“பழசை அழிச்சிடலாமா அண்ணே?”

“அடப்பாவி, தொடவே கூடாதுன்னாரே! ஆனா புது வெர்ஷன்ல படம் இருக்கணும்னு சொன்னாரா?”

“சொல்லலையே!”

பரஞ்சோதியின் மூளையை வேதமுத்து மனதாரப் பாராட்டினான். படமில்லாத வெர்ஷனுக்கு மிச்சமிருந்த துளி இடமே போதுமாக இருந்தது; அதன்பின் வெறும் குறிப்போடு வெர்ஷனாக எடுத்துத் தள்ளினார்கள். வேலை பறந்தது.

வெள்ளியன்று தொள்ளாயிரத்து நாலாவது வெர்ஷனில் பாடம் நடந்தது. மண்டிக்காரர் ஒரு கூடையைக் கொட்டினார். மெஷின் சிவனே என்று நின்றது. மதுரையிலிருந்து திரும்பியிருந்த திருமாறன் உள்ளே போய்ப் புராஜெக்டைத் திறந்து பார்த்தார். படங்கள்: பூஜ்யம். குறிப்பு: ‘தொள்ளாயிரத்து மூன்று வந்துவிட்டது.’

பரஞ்சோதியின் கண்ணுக்குள் முண்டாசு வந்து போனது.

நல்லவேளையாக வெர்ஷன் இரண்டை யாரும் தொட்டிருக்கவில்லை. திருமாறன் தானே உட்கார்ந்து அதை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் மெஷின் அழுகலையெல்லாம் பொறுக்கி எறிந்தது. மண்டிக்காரர் மெஷினை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பரஞ்சோதி அழுதேவிட்டான்.

“அண்ணே, அழாதீங்க. பூட்ட இருந்த ஆபீசைப் பூட்டலை. இது மாற்றந்தானே?” என்று வேதமுத்து நாற்காலியை இழுத்தான்.

திருமாறன் கீபோர்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பஸ் நகரும் நேரத்தில் இருவரும் மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்தார்கள்.

“சார், அதை அஞ்சே நிமிஷம் குடுங்க,” என்று பரஞ்சோதி கெஞ்சினான். “கீபோர்டு போயிடுச்சுன்னு குறிப்பு எழுதிட்டுத் திருப்பித் தந்துடுறோம்.”