நூற்று எண்பத்தாறு அவன்

கோவில்பட்டியில் ஒரு நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் ஷமீமா கணினி வகுப்பு எடுத்துவந்தார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. படிக்க வந்தவர்கள் எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் அவரை டீச்சர் என்றார்கள். அவர் அவர்களை சார், அம்மா என்றார். கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்வது குறைவு. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துச் செய்து காட்டிவிட்டு, திரும்பத் தள்ளிவைத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை சேர்மத்துரை தன் மடிக்கணினியோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், ஒரே அடியில புத்தகம் முழுக்க மரியாதை போட முடியுமா?”

“யாருக்கு சார்?”

“பிச்சையாவுக்கு.”

சேர்மத்துரை தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தை நூற்று நாற்பது பக்கம் எழுதி முடித்திருந்தார். பிச்சையா அவரோடு ஒரே நாளில் லைன்மேனாகச் சேர்ந்தவர், லைன்மேனாகவே வீட்டுக்குப் போனவர். அவர் வராத அத்தியாயம் இல்லை.

“கழுகுமலையில இருக்காரு. சர்க்கரையில பார்வை மங்கிப்போச்சு. நாளைக்கு வந்து வாசிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன். நேத்து எடுத்துப் பார்த்தா எல்லா இடத்திலயும் அவன், வந்தான், போனான். அவர் வீட்டம்மா முன்னால எப்படி வாசிக்கிறது?”

“என்ன செய்யணும்?”

“ஆன்ல முடியறதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். வந்தான், போனான் எல்லாம் ஆன்லதானே முடியுது. அதை மொத்தமா ஆர்னு மாத்திட்டா வந்தார், போனார்னு ஆயிரும்லா? அவன்கிறதை அடுத்து மாத்திக்கலாம்.”

ஷமீமா மறுத்துப் பேசவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். தேடும் கட்டத்தில் ஒன்றையும் மாற்றும் கட்டத்தில் இன்னொன்றையும் அடித்தார். மாற்றும் பொத்தானைத் தொடாமல், முன்னோட்டம் என்ற பொத்தானை அழுத்தினார்.

திரையில் பழைய சொல் சிவப்பில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிய சொல் பச்சையில் வந்தது. சேர்மத்துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தார்.

“நார்தார் முதலில் கம்பத்தில் ஏறினேன்.”

திரும்பவும் வாசித்தார். நான்தான் என்று அவர் எழுதியிருந்த இடம் அது.

“டீச்சர், என்னையே காணோமே.”

“இன்னும் எதுவும் மாறலை சார். மாறினா எப்படி இருக்கும்னு காட்டுது, அவ்வளவுதான்.”

பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். நான் இருந்த இடமெல்லாம் நார் இருந்தது. ரத்து செய்தார்.

ஷமீமா தேடும் கட்டத்தில் அவன என்று மட்டும் அடித்தார்.

“புள்ளி வைக்கலையே டீச்சர்.”

“வைக்காட்டாதான் அவனை, அவனுக்கு எல்லாம் வரும்.”

பக்கங்களில் மஞ்சள் பூத்தது. கீழே எண்ணிக்கை விழுந்தது. நூற்று எண்பத்தாறு. அடுத்தது என்ற பொத்தானைக் காட்டிவிட்டு ஷமீமா வேறொருவரைப் பார்க்கப் போனார்.

முதல் மஞ்சள் எண்பத்தொன்றாம் வருடம், எட்டயபுரம் சாலை. இரண்டு பேருக்கும் துறை கொடுத்தது ஒரே சைக்கிள். ‘அவன் மிதித்தான். நான் பின்னால் உட்கார்ந்து ஏணியைத் தோளில் பிடித்துக்கொண்டேன்.’ சேர்மத்துரை அதை ‘அவர் மிதித்தார்’ என்று மாற்றினார். வாசித்துப் பார்த்தார். யாரோ தாசில்தார் சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. பழையபடி ஆக்கினார்.

இன்னொரு மஞ்சள், புயலில் கம்பங்கள் சாய்ந்த வாரம். இரண்டு நாள் சோறு தண்ணி சரியாக இல்லாமல் கம்பி இழுத்து, கடைசி இணைப்பைக் கொடுத்துவிட்டு, சேர்மத்துரை கம்பத்தின் உச்சியிலிருந்தே, லைன்மேன்கள் கம்பியில் மாட்டிப் பேசும் போனைக் காதில் வைத்தார். ‘மூன்று மைல் தள்ளி இன்னொரு கம்பத்திலிருந்து அவன் குரல் வந்தது. லே, கேக்குதா என்றான்.’

அவர் அதில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அடுத்தது பொத்தானையும் அழுத்தவில்லை. அந்தக் கம்பத்தின் மேல் அடித்த காற்றும், காதுக்குள் கரகரத்த குரலும், இடுப்பைக் கம்பத்தோடு கட்டிய வாரின் அழுத்தமும் அப்படியே இருந்தன. அன்று இரண்டு பேரும் கம்பத்தில் இருந்துகொண்டே கால் மணி நேரம் எதையோ பேசிச் சிரித்தார்கள். என்ன பேசினோம் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது மஞ்சளுக்கு வந்தபோது ஷமீமா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ‘அவனை ஜீப்பின் கூரையில்லாத பின்பக்கத்தில் ஏறச் சொன்னேன். மழை. கேபிள் சுருள் மேல் உட்கார்ந்து வந்தான்.’ சேர்மத்துரை சூப்பர்வைசர் ஆகி முதல் மாதம் நடந்தது அது. மளமளவென்று அவரை, வந்தார் என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“இதை மட்டும் வாசிக்காம மாத்திட்டீங்க சார்.”

சேர்மத்துரை திரும்பவில்லை. மாற்றியதைப் பழையபடி ஆக்கினார்.

“எல்லாம் ஒரே மஞ்சளா இருக்கே டீச்சர். எது பாசத்துல சொன்ன அவன், எது திமிர்ல சொன்ன அவன்னு எப்படிப் பிரிக்கிறது?”

ஷமீமா மடிக்கணினியை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு அவர்கிட்ட போறீங்கல்ல?”

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சேர்மத்துரை கழுகுமலையில் இருந்தார். பிச்சையா வாசல் பக்கம் கையை நீட்டி, “வாங்க சார்” என்றார். முன்பெல்லாம் அவர் லே என்று மட்டுமே கூப்பிடுவார். சேர்மத்துரை சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து சார். முப்பது வருடமாக அது மாறவில்லை.

பிச்சையாவின் மனைவி செல்லத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். சேர்மத்துரை திரையைத் திறந்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தார்.

சைக்கிள் வந்ததும் பிச்சையா சிரித்தார். “பாதி வழியில சங்கிலி கழண்டுச்சே, அதை எழுதலையா?” என்றார். கம்பத்துப் பேச்சு வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அன்னிக்கு என்ன பேசினோம்? எனக்கு நினைவில்லை” என்றார் சேர்மத்துரை.

“சாப்பாடுதான். ஒவ்வொரு கடையா பேரு சொல்லி, எதை எங்க போய்த் திங்கலாம்னு.”

அதற்கு மேல் இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்லத்தாய் அவர்களை மாறி மாறிப் பார்த்தார். இவரு இப்படிச் சிரிச்சு எத்தனையோ நாள் ஆச்சு என்றார்.

ஜீப் வந்தது. சேர்மத்துரையின் குரல் தணிந்தது. ஆனாலும் வாசித்தார். வாசித்துவிட்டு, “இந்த இடத்துல உங்களை அவன்னு எழுதினது தப்பு. அவர்னு மாத்திடறேன்” என்றார்.

“மாத்தாதீங்க.”

“ஏன்?”

“அன்னிக்கு உங்களுக்கு நான் அவன்தானே. இன்னிக்கு மாத்தினா, அன்னிக்கே மரியாதையாத்தான் ஏத்தினீங்கன்னு ஆயிரும்.”

தெருவில் ஒரு பேருந்து போகும் சத்தம் கேட்டது. பிச்சையா காப்பி டம்ளரைக் கையால் தடவி எடுத்து, குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணை எழுதாம விட்டுட்டே” என்றார்.

“எதை?”

“முன்சீட்டுல உன் பக்கத்துல இடம் காலியாத்தானே லே கெடந்துச்சு.”

செல்லத்தாய் கணவரின் கையைத் தொட்டார். பிச்சையா கோபமாக இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலத்தான் சொன்னார். சேர்மத்துரை கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் இருந்த ஈரத்தை வேட்டி முனையால் துடைத்தார்.

“ஆமா” என்றார். “காலியாத்தான் இருந்தது. ஏறுன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. டிரைவர் என்ன நினைப்பானோன்னு விட்டுட்டேன்.”

“ரொம்ப நனைஞ்சிட்டேன் லே அன்னிக்கு.”

“தெரியும்.”

“சரி, மேல வாசி.”

மீதியையும் வாசித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. செல்லத்தாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பிச்சையாவின் இலையில் குழம்பு எந்தப் பக்கம், கூட்டு எந்தப் பக்கம் என்று சேர்மத்துரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஷமீமாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை மாத்தினீங்க சார்?”

“ஒண்ணும் மாத்தலை டீச்சர். ஒரே ஒரு வரி சேர்த்தேன்.”

மறுபடி அவன என்று தேடிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள்கள் அப்படியே இருந்தன. கேபிள் சுருளுக்கு அடுத்து மஞ்சள் இல்லாத ஒரு வரி இருந்தது. ‘முன்சீட்டில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.’

ஷமீமா அதை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

“நூத்தி எண்பத்தாறு இடத்தையும் ஒண்ணு விடாம பார்த்தேனே டீச்சர்” என்றார் சேர்மத்துரை. “இது மட்டும் ஏன் என் கண்ணுல படலை?”

ஷமீமா திரையை மெதுவாக அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

“எழுதினதைத்தான் சார் அது தேடும்.”