பூமியும் நகரும்

கரட்டுமலை மடத்தில் குருவைவிடச் சீடருக்கு ஒன்பது வயது அதிகம். சீடர் பெயர் செங்கோடர். மத்தியானக் கஞ்சி குடித்த பிறகு கோள்களை வைத்து விளையாடுவது இருவருக்கும் வழக்கம். வியாழன் பூசணிக்காய் என்றால் பூமி நெல்லிக்காய். நிலாவில் குதித்தால் கூரைக்கு மேலே போகலாமா? இப்படிப் பேச்சு ஓடும்.

அன்று செங்கோடர் விளையாட வரவில்லை. வாசலில் நின்று மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகன் மாரப்பன் மலையில் சரிபாதி ஏறி, வழி மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பனைக் கேட்காமல் மகன் உழவு மாட்டை விற்ற நாள் முதல் இருவருக்கும் பேச்சில்லை. மாலை பஸ்ஸுக்கு அவன் திரும்பிவிடுவானாம்.

"போய்ப் பாருங்களேன்" என்றார் குரு.

"நான் எதுக்குங்க சாமி போகணும்? பாதி ஏறினவனுக்கு மீதி ஏறக் காலில்லையா? திமிரு."

குரு சிரித்தார். "சரி, ஒரு கணக்கு. மாங்காய் விழுகிறது. நகர்வது எது?"

"மாங்காய்தான்."

"பூமி?"

"பூமி எங்கே நகரும்?"

"நகரும். பூமி மாங்காயை எவ்வளவு இழுக்கிறதோ, மாங்காயும் பூமியை அவ்வளவு இழுக்கிறது. பூமியும் மேலே வரும். கனம் அதிகம், அதனால் தூரம் குறைவு. கண்ணுக்குத் தெரியாது."

செங்கோடர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! கனமானது சும்மா இருக்கலாம், இலேசானதுதான் வரணும். நான் அப்பன். நான்தான் பூமி."

"இருக்கட்டும். வெட்டவெளியில் இரண்டு கோள், ஒரே எடை. எங்கே சேரும்?"

"நடுவில்."

"ஒன்று கொஞ்சம் கனமென்றால்?"

"அது இருக்கிற பக்கமாத் தள்ளிச் சேரும். இலேசானது கூட நடக்கும்." கணக்கில் அவர் தவறுவதில்லை.

"மாரப்பன் என்ன எடை இருப்பான்?"

செங்கோடரின் குரல் இளகியது. "அவனா? என்னைத் தூக்கிக்கிட்டே இந்த மலையை ஏறிடுவான் சாமி. தோளைப் பார்க்கணுமே நீங்க! உட்கார்ந்தா பத்து இட்லி. அவன் பக்கத்தில் நான் நின்னா..."

நிறுத்திக்கொண்டார்.

குரு எழுந்துபோய்ச் சீடரின் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார்.

"அப்படியானால் அவன் தன் பங்குக்கு மேலேயே நடந்து வந்திருக்கிறான்."