வெயிலுக்கும் காற்றுக்கும் தடை

அலைமுகப்பட்டினத்தை ஆண்ட உக்கிரசேன ராஜாவின் கடற்கரை நெடுகப் புன்னை மரங்கள். கீழே விழுகிற கொட்டையைப் பொறுக்கிச் செக்கில் ஆட்டினால் விளக்கெரிக்க எண்ணெய் கிடைக்கும். கடவுள் கேட்காமலே கொடுத்தது. ஆனால் காலடியில் கிடக்கிறதைக் குனிந்து எடுத்தால் ராஜாவுக்குக் கௌரவம் என்ன ஆகிறது?

அதனால் அவர் கடல் தாண்டியிருந்த ஒரு தீவிலிருந்து கல்லெண்ணெய் வரவழைத்தார். கன்னங்கரேலென்று இருக்கும். ஏற்றினால் கூரை கறுக்கும், கண் எரியும். சபையிலிருந்த பெரியவர்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சந்தன வாசனை அடிக்கிறது என்றார்கள். ராஜா பூரித்துப் போனார்.

கொண்டுவந்த வியாபாரி மகரகேது கெட்டிக்காரன். ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றினான். ராஜா லேசாக முகம் சுளித்தால் போதும், அடுத்த கப்பல் வராது என்பான். உடனே ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். யுத்தத்தில் நாலு ராஜாக்களை மண்டியிட வைத்தவர், ஒரு எண்ணெய்க்காரனுக்கு முன்னால் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அதிலும் அவனுக்குத் திருப்தி இல்லை. ஊர்ஜனங்கள் அவன் எண்ணெயைத் தொடவில்லையே. மந்திரி திருமேனிராயருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினான். சால்வையின் சூடு ஆறுவதற்குள் மந்திரி சட்டம் எழுதிவிட்டார். இந்த ராஜ்யத்தில் ஒளிக்கும் சூட்டுக்கும் ஓட்டத்துக்கும் தீவுக் கல்லெண்ணெயைத் தவிர வேறெதையும் யாரும் உபயோகிக்கக் கூடாது. ராஜா படித்தும் பார்க்காமல் முத்திரை போட்டார்.

முதல் அடி செண்பகவடிவு தலையில் விழுந்தது. புருஷனை இழந்தவள். ஒரு செக்கை வைத்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தாள். பகவதி அம்மன் சந்நிதி விளக்குக்கும் அவள் எண்ணெய்தான். சேவகர்கள் செக்குக்கு முத்திரை வைத்து, வெள்ளிக்கிழமை உடைத்துக் கடலில் போடப்போவதாகச் சொல்லிப் போனார்கள்.

அவள் சபைக்கு வந்து முறையிட்டாள். ராஜாவுக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் முத்திரை போட்ட சட்டத்தை மாற்றினால் மகரகேது கோபித்துக்கொள்வானே என்று மோட்டுவளையைப் பார்த்தார்.

அப்போது சபையில் விகடம் பேசுகிற அம்பலக்கூத்தன் எழுந்தான். “மகாராஜா, போட்ட சட்டம் போட்டதுதான். ஒரு எழுத்துக் குறையாமல் நடத்த வேண்டும். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்,” என்றான். ராஜாவும் சரியென்று தலையாட்டினார்.

செண்பகவடிவு அவனை ஒரு பார்வை பார்த்தாள். இவனுக்கும் ஒரு சால்வை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனாள். மந்திரியும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் ராஜா கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. ஜன்னல்களில் எல்லாம் பலகை அடித்திருந்தது. ஒரே ஒரு கல்லெண்ணெய் விளக்கு புகைந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தால் சொட்டச் சொட்ட ஈர வேட்டியை நீட்டினார்கள். சாப்பாட்டில் அப்பளம் இல்லை, வற்றல் இல்லை. இருமிக்கொண்டே அம்பலக்கூத்தனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவன் வெகு பணிவாகச் சொன்னான். வெளிச்சம் வெயிலில் இருந்து வருகிறதாம், வெயில் தீவுச் சரக்கு இல்லையாம். வேட்டியும் அப்பளமும் அதில்தான் காய்கிறதாம். அதனால் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிட்டானாம்.

பக்கத்தில் நின்ற மந்திரிக்கு ஆத்திரம். “சட்டம் ஜனங்களுக்கு ஐயா, அரண்மனைக்கு இல்லை.”

“அரண்மனை எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் மந்திரியாரே. பலகையைப் பிரித்துவிடுகிறேன்.”

ராஜா ஈர வேட்டியோடு புகைக்குள் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை துறைமுகத்தில் ஒரே கூச்சல். சற்று நேரத்தில் மகரகேது தலைப்பாகை அவிழ, சபைக்குள் ஓடிவந்தான். கப்பல் நிறையக் கல்லெண்ணெயோடு வந்திருக்கிறானாம். துறைமுக வாசலில் அம்பலக்கூத்தனின் ஆட்கள் ஏறி, பாய்களை எல்லாம் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கப்பல் நட்ட கல் மாதிரி நிற்கிறதாம். அந்தப் பக்கம் பாறை, அலை தள்ளினால் அவ்வளவுதானாம்.

“நான்தான் அவிழ்க்கச் சொன்னேன் மகாராஜா,” என்றான் அம்பலக்கூத்தன். “இவர் கப்பல் நம் கடலில் காற்றை வைத்து ஓடி வந்தது. ஓட்டத்துக்குக் கல்லெண்ணெயைத் தவிர வேறெதுவும் கூடாதே.”

“காற்று இல்லாமல் கப்பல் எப்படி ஐயா ஓடும்?” என்றான் மகரகேது.

“உள்ளேதான் கப்பல் நிறைய எண்ணெய் இருக்கிறதே. ஊற்றிக் கொளுத்தி ஓட்டிக்கொண்டு வாருங்கள்.”

மகரகேது மந்திரியைப் பார்த்தான். மந்திரி தூணைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மகரகேது ராஜாவின் காலில் விழுந்தான். அந்தச் சட்டத்தை இந்த நிமிஷமே கிழித்துப் போடும்படி அவனே கெஞ்சினான்.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தன்னை மிரட்டினவன், நம் ஊர்க் காற்று ஒரு நாழிகை இல்லையென்றால் நடுக்கடலில் நிற்கிறவன். விழுந்து விழுந்து சிரித்தார். சட்டத்தைக் கிழித்தார். பாயைக் கொடுத்து, கொண்டுவந்த எண்ணெயோடு அப்படியே ஊர் போய்ச் சேரச் சொன்னார். செண்பகவடிவை வரவழைத்து, செக்கைத் திறந்துகொள், இனி அரண்மனை விளக்குக்கும் உன் எண்ணெய்தான் என்றார்.

அவள் கும்பிட்டாள். அம்பலக்கூத்தனைத் தப்பாக நினைத்ததற்காக அவனையும் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, “சாமி, செக்கு இருக்கு. இழுக்கிற மாட்டைச் சேவகங்க ஓட்டிட்டுப் போய் வித்துட்டாங்களே,” என்றாள்.

ராஜா ஒரு முடிப்புப் பொன்னை அம்பலக்கூத்தனுக்குக் கொடுத்துவிட்டு, மாட்டுக்கு என்ன செய்யலாம் என்று அவனையே கேட்டார்.

“நல்ல மாடு கிடைக்கிற வரைக்கும் நம் மந்திரியாரைப் பூட்டலாம் மகாராஜா,” என்றான் அவன். “தீவு எண்ணெய் ஊற்றாமல் இவர் ஓடுவாரா என்று நாமும் பார்த்தது இல்லையே.”