எந்தத் தள்ளு?

“தள்ளுன்னு சொன்னீங்களே, அது எந்தத் தள்ளு?”

வந்ததும் வராததுமாக நாகமாணிக்கம் கேட்டது இதைத்தான். கும்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

குன்றின் மேலிருக்கும் அந்தச் சின்ன மடத்தில் குருவம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. கேட்டவருக்கு ஐம்பத்திரண்டு.

எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்வது அம்மாவின் வழக்கம். மிச்சத்தைக் கேட்டவரே யோசித்துக்கொள்ள வேண்டும். வம்பே அங்கேதான் வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நாகமாணிக்கம் இதே இடத்தில் நின்று கேட்டார்.

“மாப்பிள்ளை பழைய கார் ஒண்ணு விக்கிறாரு. வாங்கட்டுமா?”

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன் பொன்னழகு.

“தள்ளு” என்றார் அம்மா.

குன்றிறங்கும்வரை மண்டையைக் குடைந்துகொண்ட நாகமாணிக்கம், தள்ளு என்றால் ‘தள்ளுபடி கேள்’ என்று கண்டுபிடித்தார். கேட்டார். பொன்னழகு கேட்டதற்கு மேலேயே குறைத்தான். அப்போதாவது இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பூரித்துப்போய் வாங்கிவிட்டார்.

இப்போது துணியை உதறியபடி அம்மா சொன்னார்.

“ஒதுக்கு.”

“வேண்டாம்னு ஒதுக்கச் சொன்னீங்களா? அதை அன்னைக்கே முழுசாச் சொன்னா வாய் வலிக்குமா?”

அம்மா அடுத்த துணியை எடுத்தார்.

“டாக்டர் ஓட்டின வண்டி மச்சான்னு சொன்னான். ஆமா, மாட்டு டாக்டர். பின் சீட்ல ஆட்டு வாடை இன்னும் போகலை. கதவைக் கயித்தால கட்டி வச்சிருக்கேன். இடது பக்கம் ஒடிச்சா ஹாரன் தானா அலறுது. மத்த நேரம் என்ன அமுக்கினாலும் சத்தம் வராது. தினம் காலையில மாவு அரைக்க வர்ற பொம்பளைங்கதான் என் மில்லு வாசல்ல தள்ளிவிடறாங்க. எனக்கு இப்ப ஊர்ல என்ன பேரு தெரியுமா?”

“என்ன?”

“தள்ளுமாணிக்கம்.”

அம்மா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

“சிரிங்க. ஊரே சிரிக்குது. அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். பழைய வண்டின்னா முன்னப்பின்ன இருக்கும் மச்சான்னு டீயை நீட்டுறான். சொந்த மச்சான் தலையிலேயே கட்டுறவன் மனுசனா? டீயைத் தரையில கொட்டிட்டு, இனி உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? இன்னைக்கு அவன் மகளுக்குக் கல்யாணம். நான் போகலை.”

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு நடந்தார். கார் வெளியே நின்றது. தள்ளுவதற்கு வசதியாக, எப்போதும் போலச் சரிவைப் பார்த்தே நாகமாணிக்கம் நிறுத்தியிருந்தார். பின் சீட்டில் ஒரு தாம்பாளம். பட்டுப் புடவை, தேங்காய், பழம், ஒரு ரோஜா மாலை.

“யாருக்கு?”

“பொண்டாட்டி வச்சிட்டுப் போயிருக்கா. எனக்கென்ன தெரியும்?”

பொய். அவர் உடுத்தியிருந்த வேட்டியும் சட்டையும் புதுசு.

அம்மா மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாகமாணிக்கத்தால் அதற்குமேல் முடியவில்லை.

“காலையில அந்தப் புள்ள போன் பண்ணுச்சும்மா. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறைக்கு வருவேன்னு அழுகுது. அதுக்கு மாமன்னு நான் ஒருத்தன்தான். போனா அவன் முகத்துல முழிக்கணும். போகலைன்னா அது உக்காந்தே கிடக்கும். பத்தரைக்கு முகூர்த்தம். நான் என்னம்மா செய்யட்டும்?”

“தள்ளு.”

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“மறுபடியுமா? இது எந்தத் தள்ளு? காரையா, கல்யாணத்தையா? எதைத் தள்ளச் சொல்றீங்க?”

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.

குரு தள்ளும்போது சீடன் வேடிக்கை பார்க்க முடியுமா? திட்டிக்கொண்டே அவரும் வந்து தோள் கொடுத்தார். பொன்னழகைத் திட்டினார். மாட்டு டாக்டரைத் திட்டினார். குன்றை, மடத்தை, காரைச் செய்தவனின் பரம்பரையைத் திட்டினார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கார் ஓர் அங்குலம் நகரவில்லை.

“சரிவுலகூட உருள மாட்டேங்குதே, சனியன்.”

அம்மா மூச்சு வாங்கியபடி ஜன்னலுக்குள் விரலை நீட்டினார்.

“பிரேக்.”

ஹேண்ட் பிரேக். வந்து நிறுத்தியபோது அவரே இழுத்துவிட்டது. கோபத்தில் மறந்துபோயிருந்தார்.

நாகமாணிக்கம் கயிற்றை அவிழ்த்து உள்ளே உட்கார்ந்தார். பிரேக்கை இறக்கினார். அம்மா கை வைத்ததும் கார் உருண்டது. பாதிச் சரிவில் இருமி, குலுங்கி, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சரிவு நேராக இறங்கும். அடியில் சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் அவருடைய மாவு மில். இடது பக்கம் கல்யாண மண்டபம்.

மேலேயிருந்து பார்த்தால் அந்த முக்கு தெரியாது. புளியமரங்கள் மறைத்துக்கொண்டிருக்கும். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஜின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

கீழே ஹாரன் அலறியது.