நாலு நாள் கனவு

"சொல்லிட்டுக் குடுத்தா அது ஆராய்ச்சியே இல்ல டீச்சர்," என்றாள் சண்முகப்பிரியா.

அறிவியல் கண்காட்சிக்கான படிவத்தை மேசைமேல் தள்ளினாள். பதினொன்றாம் வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. அந்த நினைப்பும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. மலையிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஓர் இலை. அதன் சாறு கனவைக் கொண்டுவருமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சாயங்காலத்துக்குள் படிவம் போனால் மாவட்டப் போட்டி.

ஒரு கட்டம் மட்டும் காலி. சாற்றைக் குடிப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம்.

ஞானசெல்வம் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது குடுத்தாச்சா?"

"இசக்கிக்கு. நாலு நாளா, சுக்குக் காப்பியில." விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. "தெரிஞ்சா, வராத கனவையும் வந்துச்சும்பா. முடிவு கெட்டுப் போயிரும்."

முடிவோ அருமையாக வந்திருந்தது. நாலு நாளும் கனவு. நாலிலும் ஒரே ஆள். செத்துப்போன அம்மை வந்து தலை பின்னிவிட்டாளாம். இசக்கி கண் கலங்கச் சொல்லச் சொல்ல, இவள் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

டீச்சர் திட்டவில்லை. ஆய்வகத்துக்குள் தண்ணீர்கூடக் குடிக்க விடாத மனுஷி அவர். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

வெளியே சாரல். மேகம் மலையை விட்டு இறங்கி வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டது. மரம் நிற்கிறதா, மெல்ல நடக்கிறதா என்று தெரியவில்லை. சண்முகப்பிரியாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சுகமாகத்தான் இருந்தது.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதுதீங்க?"

"எத்தன நிமிஷத்துல கண்ணு சொருகுதுன்னு."

டம்ளர் காலியாகிவிட்டிருந்தது.

"டீச்சர், காப்பியில என்ன போட்டீங்க?"

"சொல்லிட்டா முடிவு கெட்டுப் போயிரும்லா."

நாக்கில் அதுவரை இல்லாத கசப்பு ஏறியது. மறுபடியும் கேட்டாள். அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

டீச்சர் அதே பிளாஸ்கிலிருந்து தனக்கும் ஊற்றி, நிதானமாகக் குடித்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் அவள் பெயரும், பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும் மட்டும் இருந்தன.

படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவள் விடுதிக்கு நடந்தாள்.

இசக்கி படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பின்னலைத் தடவிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும், தலை நிமிராமலே மற்றக் கையைக் காப்பிக்கு நீட்டினாள்.

சண்முகப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். இலையை, நாலு நாளை, குறித்துவைத்ததை.

இசக்கி கோபப்படவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அப்ப, வந்தது எங்கம்மை இல்லையா?" என்று கேட்டாள்.