கல் ஏறிய மேடு

முன்னொரு காலத்தில் வெண்மணல் நாட்டை மாறங்கோ என்று ஓர் அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேச்சைக் கேட்டானோ அதுவே அவன் கொள்கை. தலைநகரின் பெயர் கோரைமேடு. ஆற்றங்கரை மேட்டில் கோரை மண்டிக் கிடந்ததால் சனங்கள் வைத்த பெயர்.

போர்வெறி பிடித்த ஆண்டில் அரசன் அதை வீரவாகைபுரி ஆக்கினான். அந்தப் போரில் தோற்றான். பிறகு ஒரு சாமியார் வந்து போனார். ஊர் துறவுமாநகர் ஆயிற்று. அந்த ஆண்டுதான் அரண்மனைக்கு இரண்டாவது சமையற்கட்டு கட்டினார்கள். அடுத்து, மனிதர் எல்லாரும் சமம் என்று எங்கோ கேள்விப்பட்டான். உடனே அவைப்புலவர் நாவண்ணர் எழுந்து, "சமத்துவப் பேரொளிப் பெருநகரம் என்று வைப்போம் அரசே" என்றார். பெயர்சூட்டு ஊர்வலத்தில் அரசன் பல்லக்கில் போனான். தூக்கியவர்களின் தோள் காய்த்துப்போய்த்தான் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பழைய பெயரைச் சொன்னால் நாடுகடத்தல் என்று பறையறைந்தார்கள். முதலில் அகப்பட்டவள் மோர் விற்கும் சடைச்சி. "கோரைமேட்டு மோரு" என்று கூவினாளாம்.

"புதுப் பெயரைச் சொல்லி விற்றால் என்ன?" என்று கேட்டான் அரசன்.

"வித்துப் பார்த்தேன் ராசா. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தெருவே முடிஞ்சு போவுது. கதவைத் திறந்தவங்க செம்பும் கையுமா அடுத்த தெருவுல என்னைத் தேடுறாங்க."

அவை சிரித்தது. நாவண்ணர் சிரிக்கவில்லை. "இது திமிர். புதுப் பெயர் பொறித்த கல்லை மேட்டில் நட்டதும் இவளை ஆற்றுக்கு அப்பால் அனுப்புங்கள்."

"எம் பிள்ளைங்க இப்பால இருக்குதே சாமி" என்றாள் சடைச்சி. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அமைச்சர் மருதனார் எழுந்தார். "அரசே, பழைய பெயர் நாக்கில் இருப்பது குற்றமென்றால் இந்த அவை முழுவதும் ஆற்றைக் கடக்க வேண்டும்."

மருதனாரை அரசன் மதிப்பது நாவண்ணருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். இதற்குத்தான் காத்திருந்தார். "அப்படியானால் கல் நடுவதற்குள் அவையில் ஒருவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அமைச்சர் வரவழைக்கட்டும். முடியாவிட்டால் மோர்ப்பானையைச் சுமந்துகொண்டு இவரும் போகட்டும்."

"வரவழைத்தால் இவளை விடுகிறேன்" என்றான் அரசன்.

"சரி" என்றார் மருதனார். "ஒரே ஒரு வேண்டுகோள். சமத்துவக் கல்லைக் கூலியாட்கள் மட்டும் இழுத்தால் நன்றாயிராது. அவையோரும் வடம் பிடிக்கட்டும். புலவர் கூவட்டும்."

"நானே முதல் கை வைக்கிறேன்" என்றான் அரசன். அவனுக்கு அது பிடித்துப் போயிற்று.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தேரோ, மரமோ, எதை இழுத்தாலும் ஊர்ப் பெயரைத்தான் கூவுவார்கள். 'கோரை' என்றால் மூச்சுப் பிடி. 'மேடு' என்றால் இழு. அரசனும் சிறுவயதில் அப்படித் தேரிழுத்தவன்தான்.

ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு இழுக்க, மரச்சட்டத்தில் கல்லை ஏற்றி வடம் கட்டினார்கள். நாவண்ணர் தொண்டையைச் செருமினார். "சமத்துவப் பேரொளிப் பெருநகரம்."

சிலர் சமத்துவத்தில் இழுத்தார்கள். சிலர் பேரொளிக்குக் காத்திருந்தார்கள். பெருநகரம் வருவதற்குள் பாதிப்பேருக்கு மூச்சுப் போய்விட்டது. வடம் பாம்புபோல் நெளிந்தது. கல் அசையவில்லை.

"இன்னும் உணர்ச்சியோடு இழுங்கள்" என்றார் நாவண்ணர்.

"உணர்ச்சி இருக்கிறது புலவரே, இடுப்புத்தான் இல்லை" என்றார் பருத்த படைத்தலைவர்.

ஒருவழியாக நடுச்சரிவுவரை வந்த கல், சட்டென்று பின்னுக்கு வழுக்கியது. கீழே சட்டத்தை முட்டுக்கொடுத்துப் பல்லக்குத் தூக்கிகள் நின்றிருந்தார்கள். வடத்தின் தலைமாட்டிலிருந்து ஒரு குரல் இடிபோல் எழுந்தது.

"கோரை... மேடு!"

நூறு கைகள் ஒரே கையாயின. "கோரை... மேடு!" கல் நின்றது. திரும்பியது. ஆட்டுக்குட்டிபோல் மேடேறி உச்சியில் உட்கார்ந்தது.

அதன்பிறகுதான் எல்லாரும் கூவியவர் யாரென்று பார்த்தார்கள். அரசன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மருதனார் பணிவாகக் கேட்டார்: "ஓடத்தைக் கொண்டுவரச் சொல்லட்டுமா அரசே?"

நாவண்ணர் பதறினார். "அரசர் சொன்னது பெயரல்ல. வேலைக்கான கூவல்."

"சடைச்சி கூவியதும் வேலைக்குத்தானே புலவரே?"

அரசன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். முதன்முதலாக அதில் கொப்புளம். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "நான் வைத்த பெயரைச் சுமந்த கல் இவர்கள் பெயரில்தான் ஏறியது. சடைச்சி வீட்டுக்குப் போகட்டும். ஒரு மாதம் அவள் பானையைப் புலவர் சுமந்து தெருத்தெருவாகக் கூவட்டும். பழைய பெயரில்."

"மெதுவாக் கூவு சாமி" என்றாள் சடைச்சி. "மோரு தளும்பும்."

"உமக்கு என்ன வேண்டும்?" என்று அமைச்சரைக் கேட்டான் அரசன்.

"அந்தக் கல்லை வண்ணார் துறைக்குக் கொடுங்கள்."

கொடுத்தான். அன்று அரண்மனைக்கு நடந்தே போனான். எழுத்துப் பக்கம் அடியில் போக, கல் துறையில் கிடந்தது. அரசன் பட்டும் சடைச்சியின் கந்தலும் அந்த ஒரே கல்லில் ஒரே மாதிரி அடி வாங்கின. அந்நாட்டில் சமத்துவம் உண்மையாக நடந்த இடம் அது ஒன்றுதான். ஊர் கோரைமேடாகவே இருந்தது.